செயலாளரின் ஏழரை மணி

வரவுப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது மீராசாஹிபு கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. தனக்கு மேலே கையெழுத்திட்டவர் என்ன நேரம் எழுதியிருக்கிறார் என்று மட்டும் பார்ப்பார். எட்டு இருபத்தைந்து என்றிருந்தால் இவரும் எட்டு இருபத்தைந்து. சுவர்க் கடிகாரம் அவர் தலைக்கு மேலே ஒன்பதேகாலைக் காட்டிக்கொண்டிருக்கும். பிறகு மேசை லாச்சியைத் திறந்து சிவப்புப் பேனையை எடுப்பார். தன் பெயருக்குக் கீழே அடிமட்டம் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கோடு இழுப்பார். அந்தக் கோட்டுக்குக் கீழே வருகிறவர்கள் எல்லாரும் பிந்தி வந்தவர்கள். அவருக்கு இரண்டு நிமிடம் பின்னால் வந்து நிற்கும் லிகிதர் நதீராவிடம், "நேரம் எண்டா நேரம் தங்கச்சி. இது கந்தோர், கலியாண வீடில்ல" என்பார். நதீரா பதினொரு வருடமாக அந்தக் கோட்டைப் பார்த்து வருகிறாள். சிவப்புக்குக் கீழே தன் பெயரை எழுதிவிட்டுப் போவாள்.

கல்முனையில் ஒரு திணைக்களத்தின் பிராந்தியக் கந்தோர் அது. எந்தத் திணைக்களம் என்பது இங்கே தேவையில்லை. மீராசாஹிபு அங்கே பிரதம லிகிதர். வயது ஐம்பத்து நான்கு. வலது கைச் சுண்டுவிரலில் மட்டும் நகம் வளர்க்கிறார், கடித உறைகளைத் திறப்பதற்காம். கழுத்தில் பச்சைக் கயிற்றில் ஒரு விசில். காற்சட்டை கந்தோருக்குரியது, காலில் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து. படியேறும்போது இரண்டாம் படியில் நின்று மூச்சு வாங்குவார். அந்த நேரத்தில் யாராவது கடந்து போனால் விசிலைத் துடைப்பதுபோல் குனிந்துகொள்வார். கந்தோர் நலன்புரிச் சங்கத்தின் விளையாட்டுச் செயலாளர் அவர்தான். ஏழு வருடமாக அவர்தான். ஒருநாளாவது அவர் பந்தைத் தொட்டதைப் பார்த்தவர் கிடையாது. ஒருமுறை கோட்டைத் தாண்டி உருண்டுவந்த பந்தைக் கன்வஸ் சப்பாத்தின் நுனியால் தட்டிவிட்டார். அவ்வளவுதான்.

அவருடைய விளையாட்டு சுற்றுநிருபம் எழுதுவது. 'கரப்பந்தாட்டப் பயிற்சி தொடர்பானது' என்று தலைப்பிட்டு, கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட்டு, 'மேற்படி விடயம் சார்பாகத் தங்களது மேலான கவனம் ஈர்க்கப்படுகின்றது' என்று தொடங்குவார். ஒரு மனிதரிடம் "காலையில பந்தடிக்க வாறீங்களா?" என்று கேட்பதற்கு அவருக்கு ஒரு முழுத் தாளும் மூன்று பிரதிகளும் வேண்டும். எல்லாத் தாளிலும் ஒரே நேரம்தான்: காலை ஏழரை. விடுமுறை நாளென்றாலும் ஏழரை. அந்த நேரத்தில் மீராசாஹிபு ஒருபோதும் விழித்திருந்ததில்லை என்பது கந்தோர் முழுக்கத் தெரியும். அவருடைய ஏழரை என்றால் ஊராருடைய ஒன்பது. எல்லாரும் அப்படிக் கணக்குப் பண்ணித்தான் வீட்டிலிருந்து புறப்படுவார்கள்.

இந்தக் கந்தோருக்கு விளையாட்டைக் கொண்டுவந்தவர் அவரில்லை. அழகரெத்தினம் என்று ஒரு பியோன் இருந்தார், பெரியநீலாவணைக்காரர். நெட்டையான, அதிகம் கதைக்காத மனிதர். சமாதானப் பேச்சுவார்த்தைக் காலத்தில், இரண்டாயிரத்து இரண்டிலே ஒரு பின்னேரம், தன் தமையனின் தோணியிலிருந்து ஒரு பழைய வலையைக் கொண்டுவந்து கந்தோர் வளவிலிருந்த மாமரத்துக்கும் தண்ணீர்த் தாங்கியின் தூணுக்கும் இடையே கட்டினார். மீன் செதில்கூட முழுக்கக் கழுவப்படாத வலை. "பஸ் வரும் மட்டும் சும்மா நிண்டு என்ன செய்யிற? ரெண்டு பந்து அடிப்பம்" என்றார். அதுவரை நாலேகால் ஆனதும் தமிழர்கள் பாண்டிருப்புப் பக்கம் போகும் பஸ்ஸுக்கும் முஸ்லிம்கள் சாய்ந்தமருதுப் பக்கம் போகும் பஸ்ஸுக்கும் தெருவின் இரண்டு கரைகளில் நின்றுகொண்டு, ஒருவரையொருவர் பார்த்தும் பாராமலும் இருப்பார்கள். பகலில் ஒரே மேசையில் கோப்பு மாற்றிக்கொண்டவர்கள்தான்.

வலை வந்த பிறகு பஸ் இரண்டு மூன்று தவறியது. சாரதியும் லிகிதரும் காவலாளியும் கணக்காளரும் சட்டையைக் கழற்றி மாமரக் கிளையில் போட்டால் யார் யாருடைய சட்டை என்று தெரியாது. சாய்ந்தமருது றாஸிக் அப்போது புதிதாக வேலைக்கு வந்த லிகிதர். அவர் பந்தை உயர்த்திக் கொடுப்பார், அழகரெத்தினம் எழும்பி அடிப்பார். "மச்சான், இன்னும் கொஞ்சம் உசத்து" என்று பியோன் லிகிதரைப் பார்த்துச் சொல்வார், லிகிதர் உயர்த்துவார். அந்த நோன்புப் பெருநாளுக்கு அழகரெத்தினம் றாஸிக்கின் வீட்டுக்குப் போனார். தொண்ணூறாம் ஆண்டுத் தமிழ், முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு, பன்னிரண்டு வருடமாக, சாய்ந்தமருது ஒழுங்கைகளுக்குள் அவர் கால் வைத்ததில்லை. ஒழுங்கையின் முனையில் றாஸிக்கின் வாப்பா காத்துநின்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாராம்.

மீராசாஹிபு இதையெல்லாம் மூன்று மாதம் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது பேர் சிரித்துக்கொண்டு ஒரு காரியம் செய்கிறார்கள், அதற்கு ஒரு தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, ஒரு கூட்டறிக்கை இல்லை. அவருக்கு அது பொறுக்கவில்லை. நான்காம் மாதம் கூட்டம் கூட்டினார். மேலதிகாரியைத் தலைவராக்கினார். செயலாளர் பதவிக்கு வேறு யாரும் கை உயர்த்துவதற்கு முன்பே தன் பெயரைக் கூட்டறிக்கையில் எழுதிவிட்டார். வலையைக் கழற்றச் சொல்லி, கடையில் வாங்கிய நைலோன் வலை கட்டினார். 'உத்தியோகத்தர் அணி' என்று நீல ஜேர்சி அடித்தார். அதில் சிற்றூழியர்களுக்கு இடமில்லை. "மத்தக் கந்தோர்க்காரன் என்ன நினைப்பான்? பியோனையும் காவல்காரனையும் வெச்சா விளையாடுற?" என்றார். அழகரெத்தினத்துக்கு ஒரு பதவி கொடுத்தார்: மைதானப் பொறுப்பாளர். கம்பு நட்டு, வலை கட்டி, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, ஆட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் கழுவிப் பூட்டி வைக்கும் வேலைக்கு அந்தப் பெயர்.

அந்த அணி முதல் வருடம் எல்லா ஆட்டத்திலும் தோற்றது. இரண்டாம் வருடம் தோற்றுக்கொண்டிருந்த ஓர் ஆட்டத்தின் நடுவில், றாஸிக் தன் ஜேர்சியைக் கழற்றிக் கோட்டோரம் நின்ற அழகரெத்தினத்தின் தலையில் மாட்டி உள்ளே தள்ளினார். அன்று வென்றார்கள். மறுநாள் அறிவித்தல் பலகையில், 'செயலாளரின் தந்திரோபாய மாற்றம் காரணமாக' வெற்றி கிடைத்ததாக ஒரு தாள் தொங்கியது. வென்ற அணியின் படம் எடுத்தபோது அழகரெத்தினம் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கூப்பிடவில்லை.

இரண்டாயிரத்து நான்கு டிசம்பர் வந்தது. தை முதல் வாரம் இன்னொரு கந்தோருடன் ஆட்டம். கடற்கரை மணலில் ஓடினால் காலுக்குப் பலம் என்று யாரோ மீராசாஹிபுவுக்குச் சொல்லியிருந்தார்கள். சுற்றுநிருபம் போயிற்று. இருபத்தாறாம் திகதி, ஞாயிறு, பௌர்ணமிப் போயா விடுமுறை. காலை ஏழரைக்குக் கடற்கரையில் பயிற்சி. 'பிந்தி வருவோரின் பெயர் எவ்வித முன்னறிவித்தலுமின்றி நீக்கப்படும்.' அதை எழுதியவர் சனிக்கிழமை சம்மாந்துறையில் மச்சினன் வீட்டுக் கலியாணத்துக்குப் போனார், புரியாணி சாப்பிட்டார், அங்கேயே படுத்தார். ஞாயிற்றுக்கிழமை பயிற்சி என்பது அவருக்கு நினைவே இல்லை. அணியிலிருந்த மற்றவர்கள் வழக்கம்போல் ஒன்பது மணிக்குப் போகலாமென்று வீட்டிலிருந்தார்கள்.

அழகரெத்தினத்தால் அப்படி இருக்க முடியாது. கம்பும் வலையும் அவரிடம் இருந்தன. ஒருநாள் பிந்தினால் வேலைக்கே சேதம் வருமோ என்று பயப்படுகிற சிற்றூழியர் அவர். எட்டு மணிக்குள் கடற்கரையில் வலை கட்டியாயிற்று, கோடு போட்டாயிற்று. பக்கத்தில் மீன்வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள், தேத்தண்ணி குடிக்க வரச்சொல்லிக் கூப்பிட்டார்களாம். "எங்கட ஆக்கள் இப்ப வந்திருவாங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே மணலில் இருந்தாராம். தப்பிய ஒருவர் பிறகு சொன்னது இது. ஒன்பது மணிக்குச் சற்று முன்பு கடல் வந்தது.

ஊர்கள் முழுதாகப் போன நாள் அது. சாய்ந்தமருதில் றாஸிக் கூரையில் ஏறித் தப்பினார், அவருடைய வாப்பா தப்பவில்லை. பெரியநீலாவணையில் அழகரெத்தினத்தின் வீடு இருந்த இடத்தில் கிணற்றின் வட்டம் மட்டும் மிஞ்சியது. அவருடைய மனைவி செல்லத்தங்கம், அவரை அனுப்பிவிட்டு மகள் யதுசாவோடு முதல் பஸ்ஸில் சொறிக்கல்முனையிலுள்ள அக்கா வீட்டுக்குப் போயிருந்ததால் இருவரும் மிஞ்சினார்கள். அழகரெத்தினத்தை மூன்றாம் நாள் எடுத்தார்கள். சம்மாந்துறை கடலிலிருந்து தூரம். மீராசாஹிபு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்புதான் செய்தியே கேட்டார்.

முதல் அனுதாபக் கூட்டத்தில் அவர் அதிகம் பேசவில்லை. "நானும் போகத்தான் இருந்த. அல்லாஹ்ட நாட்டம்" என்றார். அதுகூட ஓரளவு உண்மை. அடுத்த வருட நினைவுகூரலில், மோட்டார் சைக்கிளில் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்ததாகவும் சந்தியில் தண்ணீரைக் கண்டு திரும்பியதாகவும் சொன்னார். மூன்றாம் வருடம் ஒரு தொலைபேசி வந்து சேர்ந்தது. அன்று காலையில் மனம் சரியில்லாமல் எழும்பி, எல்லாருக்கும் போன் எடுத்து, பயிற்சி இல்லை என்று சொல்லிவிட்டாராம். அழகரெத்தினம் மட்டும் கேட்காமல் போய்விட்டாராம்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. ஏன் திறக்க வேண்டும்? அந்தப் பொய்யில் எல்லாருக்கும் ஒவ்வொரு கதிரை போடப்பட்டிருந்தது. ஒன்பது மணிக்குப் போகலாமென்று படுத்துக் கிடந்தவர்கள் எல்லாரும் அந்தக் கதையில் செயலாளரின் சொல் கேட்டு நின்றவர்கள் ஆனார்கள். வலையோடு தனியாக ஒரு மனிதன் காத்திருப்பான் என்று தெரிந்தும் ஒரு சொல் சொல்லாதவர்கள் என்று யாரும் அதில் இல்லை. மீராசாஹிபுவுக்கோ, சொல்லிச் சொல்லி, அந்தப் போனைச் சுழற்றிய விரல்கூட நினைவுக்கு வரத் தொடங்கியது. நகம் வளர்த்த சுண்டுவிரல் தடக்குப்பட்டதாக ஒருமுறை நதீராவிடம் அவரே சொன்னார்.

செல்லத்தங்கத்துக்கு அதே கந்தோரில் சிற்றூழியர் வேலை கிடைத்தது. இறந்தவரின் குடும்பத்துக்கு வேலை கொடுக்கச் சொல்லிக் கொழும்பிலிருந்து வந்த உத்தரவு அது. கடிதத்தில் அவருடைய பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்திருந்ததைக் கண்டுபிடித்து, திருத்தத்துக்குத் திருப்பியனுப்பி, நான்கு மாதம் இழுத்தவர் மீராசாஹிபு. இன்று செல்லத்தங்கம் கொண்டுவந்து வைக்கும், பால் விடாத பிளேன்ரீயை உறிஞ்சிக்கொண்டே, வந்திருக்கும் ஆட்களிடம், "பாவம், அவர் மவுத்தாப் போன பொறகு நாந்தான் இவக்கு வேல எடுத்துக் குடுத்த" என்பார். செல்லத்தங்கம் தட்டத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவருக்கு முன்னால் சொல்கிறோமே என்ற கூச்சம் மீராசாஹிபுவுக்கு இருந்ததில்லை. சீனி போதாதென்று மட்டும் பின்னால் கூப்பிடுவார்.

இந்த வருடம் வைகாசியில் யுத்தம் முடிந்தது. முடிந்த கையோடு கந்தோர்களெல்லாம் ஒற்றுமை விழா நடத்தத் தொடங்கின. பிந்தி வருவதையே வழக்கமாகக் கொண்ட மீராசாஹிபு இதில் மட்டும் முந்திக்கொண்டார். ஆனி மாதமே சுற்றுநிருபம் போட்டுவிட்டார். 'அமரர் அழகரெத்தினம் ஞாபகார்த்த இன ஒற்றுமைக் கிண்ணம்.' நான்கு கந்தோர்கள். பிரதம அதிதியாகக் கொழும்பிலிருந்து ஒரு பணிப்பாளர், தமிழ் தெரியாதவர். சுனாமி அடித்த கரையில் மக்கள் மீண்டும் விளையாடுவதைப் பார்க்க விரும்புவதாக அவர் ஒரு வார்த்தை சொன்னாராம். உடனே ஆட்டம் கந்தோர் வளவிலிருந்து கடற்கரைக்குப் போயிற்று.

ஒரு வியாழக்கிழமை தேத்தண்ணி வைக்க வந்த செல்லத்தங்கத்தை மீராசாஹிபு நிறுத்தினார். பக்கத்து மேசையில் நதீரா இருந்தாள்.

"பிள்ள, சனிக்கிழம ஒரு நல்ல சாறி உடுத்துக்கிட்டு வரணும். கப்ப நீங்கதான் குடுக்கிற."

"எங்க சேர்?"

"கடக்கரையில."

செல்லத்தங்கம் கோப்பையை வைத்தார். "நான் கடல் பக்கம் போறல்ல சேர். நாலரை வருசமாப் போறல்ல. கண்ணாலயும் பாக்காத எண்டு மகளுக்கும் சொல்லி வெச்சிருக்கன்."

"அதுக்குத்தான் சொல்ற. பயத்த உடணும். ஒங்கட மனுசன்ட பேருக்குத்தானே இவ்வளவும் செய்ற, எனக்கா செய்ற?"

"அவர்ர பேருக்கெண்டா இஞ்சயே செய்யலாமே சேர். இந்த மாமரத்துக்குக் கீழதான் அவர் விளையாடினவர்."

"கொழும்பில இருந்து பெரிய சேர் வாறாரு. மாமரம் பாக்கவா வாற?" மீராசாஹிபு சுண்டுவிரல் நகத்தால் ஓர் உறையைக் கிழித்தார். குரல் தணிந்தது. "ஒங்களுக்கு நிரந்தர நியமனக் கடிதம் இன்னும் வரல்லதானே? அதுவும் எண்ட மேசையாலதான் போகணும். நல்லா நடந்துக்கணும் பிள்ள."

மீராசாஹிபு எழும்பிப் போன பிறகு நதீரா பின்கட்டுக்குப் போனாள். செல்லத்தங்கம் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, போகாதீங்க. போகாட்டி என்ன செஞ்சிருவாரு? நான் பெரியவருக்கிட்ட கதைக்கிறன்."

"இல்ல மிஸ், போறன். கடிதத்துக்காக இல்ல." இன்னொரு கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னார்: "அவர் இருந்த இடம் எதெண்டு எனக்கு ஒருத்தரும் காட்டினதில்ல. ஒருக்காப் பாக்கணும்."

சனிக்கிழமை ஆட்டம் இரண்டரைக்கு என்று தாளில் இருந்தது. ஆட்டக்காரர்கள் நாலு மணிக்கு வந்தார்கள். மீராசாஹிபு அதற்குப் பத்து நிமிடம் பிறகு, அதிதியின் வாகனத்திலேயே, முன் இருக்கையில் விசிலோடு வந்து இறங்கினார். செல்லத்தங்கம் மட்டும் இரண்டரைக்கே வந்துவிட்டார், நதீராவின் கையைப் பிடித்துக்கொண்டு. அவருக்குத் துணையாக றாஸிக்கும் நேரத்துக்கு வந்திருந்தார்.

"தம்பி, அண்டைக்கு கம்பு நட்டது எவடத்தில?"

அன்று தப்பியவர் ஒருமுறை கூட்டிவந்து காட்டிய இடத்துக்கு றாஸிக் நின்று திசை பிடித்தார். பழைய மீன்வாடிக் குடிசைகள் இல்லை, ஒரு சுவரின் பாதி மட்டும் மணலுக்குள் சாய்ந்து நின்றது. அதை அடையாளம் வைத்து நடந்து, "இதில இருந்து அங்கால வரைக்கும் அக்கா" என்று காட்டினார். செல்லத்தங்கம் அந்த இடத்தில் குந்தியிருந்து மணலைக் கையால் தொட்டுப் பார்த்தார். அழவில்லை. கடலைப் பார்க்கவுமில்லை. "தெருவில இருந்து இவ்வளவு தூரமா?" என்று மட்டும் கேட்டார். ஓடியிருந்தால் எட்டியிருக்குமா என்று கண்ணால் அளந்துகொண்டிருந்தார் என்பது இருவருக்கும் விளங்கியது. றாஸிக் திரும்பிக்கொண்டார்.

ஒற்றுமைக் கிண்ணம் என்பதால் இந்தத் தடவை சிற்றூழியர்களுக்கும் ஜேர்சி கிடைத்தது. ஆட்டம் நல்ல ஆட்டம். இறுதி ஆட்டத்தின் மூன்றாம் சுற்றில், பதின்மூன்றுக்குப் பதின்மூன்று நின்றபோது, பாண்டிருப்புச் சாரதி சுஜிந்தனுக்கு றாஸிக் உயர்த்திக் கொடுத்தார். "இன்னும் உசத்து" என்று சுஜிந்தன் கத்தினார். றாஸிக் ஒருமுறை செல்லத்தங்கம் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். அடுத்த பந்து உயரமாகப் போயிற்று. வென்றார்கள். கோட்டோரம் மீராசாஹிபு விசிலை ஊதிக்கொண்டே இருந்தார், நடுவர் வேறொருவர் என்பதைக் கவனிக்காமல்.

பிறகு மேசை, வெள்ளை விரிப்பு, ஒலிவாங்கி. செல்லத்தங்கத்தின் கையில் கிண்ணத்தைக் கொடுத்து ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். மீராசாஹிபு உரையைத் தொடங்கினார். முதலில் 'பெருமதிப்பிற்குரிய', 'இன நல்லுறவின் பாலமாகத் திகழ்ந்த' என்று மேடைத் தமிழாக ஓடியது. கடலின் கதைக்கு வந்ததும் தானாக இறங்கி வீட்டுப் பேச்சாகிவிட்டது.

"அண்டைக்கு விடிய எனக்கு மனசே சரியில்ல. என்னமோ நடக்கப் போகுது எண்டு கல்புக்குள்ள ஒரு பயம். ஒடனே போன எடுத்தன். ஒருத்தரும் வராதீங்க, பிரக்டிஸ் இல்ல எண்டு எல்லாருக்கும் சொன்னன். தம்பி அழகரெத்தினத்துக்கும் எடுத்தன். போகாதீங்க தம்பி எண்டன். கேக்கல்ல. விளையாட்டுப் பைத்தியம் அந்த மனுசன். சேர், ஒங்கட பேச்ச இண்டைக்கு மட்டும் நான் கேக்கல்ல எண்டு சொல்லிச் சிரிச்ச சத்தம் இன்னும் எண்ட காதுக்குள்ள..."

"எங்களுக்கு அப்ப போன் இல்ல சேர்."

செல்லத்தங்கம் உரக்கச் சொல்லவில்லை. ஒலிவாங்கி பக்கத்தில் இருந்தது, அது எல்லாருக்கும் சொன்னது.

மீராசாஹிபு சிரித்த முகத்தோடு திரும்பினார். "என்ன பிள்ள?"

"போன் இல்ல. எங்கட ஒழுங்கையில ஒருத்தர்ட்டயும் இல்ல. நீங்க அடிச்ச கடுதாசிதான் இருந்த. ஏழரைக்கு வராட்டி பேர வெட்டுவன் எண்டு போட்டிருந்த. அதப் பாத்துத்தான் அவர் ஆறரைக்கே வெளிக்கிட்டவர். தேத்தண்ணியும் பாதிதான் குடிச்சவர்."

பிரதம அதிதிக்குத் தமிழ் தெரியாது. விதவை நன்றி சொல்கிறார் என்று நினைத்து, உருக்கமான முகத்தோடு கை தட்டினார். அவர் தட்டுவதைக் கண்டு பின் வரிசையில் இரண்டு மூன்று அதிகாரிகளும் தட்டினார்கள். பிறகு ஒவ்வொரு கையாக நின்றது. மீராசாஹிபு அதிதியின் காதருகே குனிந்தார். "ஷீ இஸ் வெரி ஹெப்பி, சேர்" என்றார்.

அப்போது றாஸிக் வரிசையிலிருந்து வெளியே வந்தார். ஒலிவாங்கிக்கு வரவில்லை, செல்லத்தங்கத்துக்கு முன்னால் வந்து நின்றார். ஜேர்சி முழுக்க மணல்.

"எனக்கும் போன் எடுக்கல்ல அக்கா. ஒருத்தருக்கும் எடுக்கல்ல." கையிலிருந்த மணலைத் தட்டினார். "சேர் ஒம்பதுக்குத்தான் வருவாரெண்டு எனக்குத் தெரியும். நான் படுத்துக் கிடந்தன். சனிக்கிழம பின்னேரம் அழகண்ணனக் கண்ட நான். பிந்திப் போங்க அண்ணன் எண்டு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல்ல. இவ்வளவு நாளும் அந்தப் போன் கதையக் கேட்டுக்கிட்டு சும்மா இருந்த நாங்க."

செல்லத்தங்கம் அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபமா, இரக்கமா என்று நதீராவால் சொல்ல முடியவில்லை.

"வாப்பாவப் பறிகுடுத்த ஆள் நீங்க. ஒங்களோட எனக்கு என்ன கோவம் தம்பி?" என்றார். "அவர் உங்களப் பத்தித்தான் வீட்ட வந்து கதைக்கிற. நீங்க உசத்திக் குடுத்தாத்தான் அடிக்கலாமாம்." கிண்ணத்தை நீட்டினார். "இந்தாங்க, புடிங்க. நான் போகணும், மகள் தேடுவாள்."

றாஸிக் இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கியதை என்ன செய்வதென்று தெரியாமல் மேசையில் வைத்தார். "நில்லுங்க அக்கா, பஸ்ஸடிக்கு நானும் வாறன்" என்று பின்னால் போனார். சுஜிந்தன் போனார். காவலாளி போனார். நீல ஜேர்சிகள் ஒவ்வொன்றாக மணலில் கால் புதைய அவர் பின்னால் நடந்தன. நதீரா அவருடைய கைப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். தோற்ற அணிக்காரர்களிலும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். தெருவுக்கு ஏறும் இடத்தில் செல்லத்தங்கம் ஒருமுறை நின்றார். சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்து, "எதுக்கு இவ்வளவு பேர்? எல்லாரும் பஸ்ஸில ஏறப் போறீங்களா?" என்றார். யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தாரோ என்னவோ, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மேசையடியில் மீராசாஹிபுவும் அதிதியும் விரிப்பும் கிண்ணமும் மிஞ்சினார்கள். கடற்காற்று ஒலிவாங்கிக்குள் ஊதி இரைந்துகொண்டிருந்தது. அதிதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு கணம், ஒரேயொரு கணம், மீராசாஹிபுவின் முகம் எதையோ தொலைத்தவரின் முகம்போல் வெறுமையாக இருந்தது. பிறகு அவர் தலையைத் தடவி மயிரைப் படிய வைத்தார், சட்டையைக் கீழே இழுத்துவிட்டார், கல்முனையிலிருந்து வந்திருந்த படப்பிடிப்பாளரைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"எடுங்க. பெரிய சேர் எனக்குத் தாற மாதிரி எடுங்க."

இருவரும் கிண்ணத்தின் இரண்டு காதுகளையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். படப்பிடிப்பாளர் கமெராவுக்குள் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார்.

"சேர், ரெண்டு பேரும் கொஞ்சம் பின்னால போங்க. கடலும் விழட்டும்."

சைகையைப் புரிந்துகொண்ட அதிதி, கிண்ணத்தை விட்டுவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் போனார். மீராசாஹிபு கழுத்தைத் திருப்பி, நுரைத்துக்கொண்டு ஏறிவரும் அலையைப் பார்த்தார். கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, தெருப் பக்கமாக இரண்டு எட்டு முன்னால் வந்து நின்றார்.